சட்டைப் பையில் வந்திருக்க வேண்டிய மாத்திரை

ரத்தம் எடுக்கும் அறை வாசலில், எங்களுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை மட்டும் பாக்கி இருந்தபோது என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி. காலியாக இருக்கக் கூடாது. பரிசோதனை நாளில் என் மகளின் காலை மாத்திரை அந்தப் பையில்தான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ரத்தம் எடுத்து, பஞ்சு ஒட்டி, அதன் பிறகுதான் அவள் வாய்க்குள் போக வேண்டும். முந்தின வேளை போட்ட மருந்தில் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதற்குத்தானே இந்தப் பரிசோதனை. புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு வந்து அளந்தால் கணக்கு எகிறிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவனிடம் பசிக்கிறதா என்று கேட்பது போல.

நானோ காலையில் ரொட்டியோடு சேர்த்து என் கையாலேயே கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

"என்னப்பா, பர்ஸ தொலைச்சிட்டீங்களா?" என்றாள் மகள்.

"பர்ஸ்னா பரவாயில்லையே. உன் மாத்திரைய உனக்கே குடுத்துட்டேன்."

அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. பாவம் அப்பா என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என எடுத்துக்கொண்டேன். முகம் பார்த்து மனசைப் படிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று அந்த நிமிடம் வரை எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

"விடுங்கப்பா. சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

"அய்யய்யோ, அளவு ஜாஸ்தியா வந்து, டாக்டர் டோஸ குறைச்சிட்டா? அப்புறம் ஈரல் என்ன ஆகும்? இரு, நான் போய் சிஸ்டர்கிட்ட திட்டு வாங்கிட்டு வரேன்."

பித்தம் இறங்கும் குழாய்கள் அடைபட்டே பிறந்தவள் இவள். பிறந்து சில வாரம் கழித்தும் மஞ்சள் காமாலை போகவில்லை, கண்ணின் வெள்ளை கூட வெள்ளையாக இல்லை. முதல் பிறந்த நாளுக்கு முன்பே என் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி அவளுக்குள் வைத்தார்கள். அது அவளோடு சேர்ந்து வளர்ந்தது; எனக்குள் மிச்சமிருந்ததும் வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொண்டது. ஆகவே நானும் என் மகளும் அப்பா-மகள் மட்டும் இல்லை, பங்காளிகளும்கூட என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. ஆஸ்பத்திரியில் இன்னும் 'பாப்பா'தான். வரவேற்பறையில் "பாப்பா வாங்க" என்று கூப்பிட்டால் என் உயரத்துக்கு ஒருத்தி எழுந்து போவாள்.

உடம்புக்கு நன்றி என்பதே கிடையாது. அப்பன் கொடுத்ததாக இருந்தாலும் வெளியிலிருந்து வந்த உறுப்பை அது வெளியாளாகத்தான் பார்க்கும். எத்தனை வருடம் ஆனாலும் சமயம் கிடைத்தால் அடித்துத் துரத்தப் பார்க்கும். அதை அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, ஆயுசுக்கும். கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதே பிழைப்பு. பொறுப்பு விஷயத்தில் என்னைவிட்டால் ஆள் கிடையாது என்பது என் எண்ணம்.

குழந்தைகள் கல்லீரல் பிரிவில் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு சிஸ்டர் உண்டு. தேதி குறிப்பது, டோஸ் சொல்வது, போனில் பதறுகிற அம்மாக்களை அமர்த்துவது எல்லாம் அவர்தான். நான் போய் நின்றேன்.

"சிஸ்டர், ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு."

"உங்க வீட்ல சின்னத் தப்பெல்லாம் கிடையாதே. என்ன பண்ணினீங்க?"

சொன்னேன்.

"இத்தனை வருஷமா வர்றீங்க! நேத்து சேர்ந்த அம்மாங்களுக்கெல்லாம் நீங்கதான் பாடம் எடுக்குறீங்க. நீங்களே இப்படியா?"

"திடீர்னு நாளைக்கே வான்னு போன் பண்ணினா? எப்பவும் மாசத்துக்கு முன்னாடி தேதி குடுப்பீங்க. மனசளவுல தயாராக வேணாமா?"

சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஈரல் டெஸ்ட் போன தடவை கொஞ்சம் ஏறி இருந்துச்சு. அதான் டாக்டர் சீக்கிரம் கூப்பிட்டாங்க. சரி, எடுக்கச் சொல்லுங்க. மாத்திரை போட்டுட்டு வந்தான்னு நான் குறிச்சுக்கிறேன். மருந்து அளவு எக்கச்சக்கமா வரும், பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. வாங்க வேண்டிய திட்டை வாங்கியாயிற்று என்ற நிம்மதியோடு கேன்டீனில் டீ குடித்தேன். கூட வந்திருந்த மனைவி டீயைத் தொடவே இல்லை. மகள் போனிலேயே கண்ணாக இருந்தாள். நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். கிளட்சை பிரேக் என்று நினைத்து மிதித்து ஒரு பழக்கடைக்குள் என்னையும் கூட்டிக்கொண்டு போன மாணவியின் கதை. வழக்கமாக இருவரும் சிரிக்கும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மதியம் சிஸ்டர் கூப்பிட்டார். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"காலைல மாத்திரை குடுத்தீங்கன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா. எகிறியிருக்கா?"

"ரத்தத்துல மருந்தே இல்ல."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாத இடங்களில் நான் சிரிப்பேன். கல்யாணத்திலும் அப்படித்தான் சிரித்தேன் என்று மனைவி சொல்லுவாள். "ரத்தம் மாறிப் போயிருக்கும் சிஸ்டர். வேற யாரோடதோ" என்று சொல்லிவிட்டு, அவர் தடுக்குமுன் ஆய்வகத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு சின்னப் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழாய்களை மாற்றிவிட்டதாக அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். இப்படி வேலை பார்த்தால் குழந்தைகள் கதி என்ன என்று கேட்டேன். குரல் எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இன்னைக்கு இந்த மருந்து அளவு பார்க்க ரத்தம் குடுத்தது உங்க பொண்ணு ஒருத்திதான். யாரோடத யாரோட மாத்துறது?" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

"அவ முழுங்கினத கண்ணால பார்த்தீங்களா?"

"வாயில போட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வண்டி எடுக்கப் போனேன்."

அவர் தலையை ஆட்டினார். "வெறுமனே கம்மியா வந்திருந்தா, வளர்ற பொண்ணு, டோஸ் பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டிருப்போம். போன ரெண்டு தடவையும் அப்படித்தான் ஏத்தினோம். இன்னைக்கு நீங்க தப்பா குடுத்ததாலதான் வேற காரணமே சொல்ல முடியாம போச்சு. காலைல போட்ட மாத்திரை ரத்தம் எடுக்கறதுக்குள்ள எங்க போகும்?"

வாழ்க்கையில் முதல் முறையாக என் மறதி ஒரு காரியத்தைச் சாதித்திருக்கிறது. அதைக் கொண்டாடும் நிலையில் நான் இல்லை. மனைவி பக்கம் திரும்பினேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தாள். என்ன சொல்றீங்க சிஸ்டர் என்று அவள் கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. இருக்காது என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றாலே பத்துக் கேள்வி கேட்கிறவள்.

வராந்தாவில் அவளை நிறுத்தினேன்.

"உனக்குத் தெரியுமா?"

"இப்ப அதுவாங்க முக்கியம்?"

"தெரியுமா, தெரியாதா?"

"மெதுவா பேசுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். தெரியும்னு ஒரு வார்த்தை, தெரியாதுன்னு ஒரு வார்த்தை. ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்கு என்ன?"

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு யானை பலூன் பிடித்துக்கொண்டிருந்தது. "ஜீன்ஸ் துவைக்கப் போட்டேன். பாக்கெட் உள்துணில மாத்திரை கூடு கரைஞ்சு பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு இல்ல, நாலஞ்சு."

"எப்ப?"

"கொஞ்ச நாளாச்சு."

"கொஞ்ச நாள்னா?"

"கேட்டேன், அழுதா. இனிமே ஒழுங்கா போடுறேன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினா. டெஸ்டுக்கு முன்னாடி வாரமெல்லாம் நானே பக்கத்துல நின்னு போட வைப்பேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேதி முன்கூட்டியே தெரிந்த பரிசோதனைகளில் எல்லாம் அளவு கம்மியாகவாவது ஒப்பேற்றியிருக்கிறது. நேற்று திடீரென்று கூப்பிட்டதால் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க."

"நான் ஈரலையே வெட்டிக் குடுத்தவன்டி. அதைத் தாங்கினவன் இதைத் தாங்க மாட்டேனா?"

"அப்ப உங்களுக்கு மயக்க மருந்து குடுத்திருந்தாங்க" என்றாள்.

நகைச்சுவை என் துறை. அதிலும் என்னை மிஞ்சிவிட்டாள். சிரிக்க முடியவில்லை. நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டி, மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் போனார். அவரையும் பிடித்துக் கேட்டேன்: "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்னு இல்ல. ஒரு சந்தேகம்."

"எப்பலேர்ந்து?"

"இந்த வயசுல நிறையப் பசங்க பண்றதுதாங்க. அதான் திடீர்னு கூப்பிட்டுப் பார்க்கலாம்னு டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன்."

ஆக, சந்தேகப்பட வேண்டியவர் சந்தேகப்பட்டிருக்கிறார், தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது, செய்கிறவள் செய்துகொண்டே இருந்திருக்கிறாள். வேளை தவறாமல் "மாத்திரை?" என்று கேட்டு, "போட்டாச்சுப்பா" என்ற பதிலைக் காதில் வாங்கி, நெஞ்சு நிமிர்த்தி நடந்த முட்டாள் நான் ஒருவன்தான். பயிற்சி வண்டியில் முதல் நாள் வருகிறவர்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, ஓட்டுவதையெல்லாம் நானே என் பக்கத்திலிருந்து செய்வேன். அவர்கள் தாங்கள்தான் ஓட்டுகிறோம் என்று பூரித்துப் போவார்கள். என் வீட்டில் அந்தச் சீட்டில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே அவளை வார்டில் சேர்த்தார்கள். ஸ்கேன் பார்த்தபடி வயிற்றோரமாக ஒரு நீள ஊசியைச் செலுத்தி, ஈரலில் நூலளவு சதை எடுத்துச் சோதித்தார்கள். உடம்பு ஈரலைத் துரத்த ஆரம்பித்துவிட்டது என்று முடிவு வந்தது. அதை அமர்த்த நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.

பெரிய டாக்டரை அவர் அறையில் பார்த்தேன். அவளைக் குழந்தையிலிருந்து பார்ப்பவர். என் வயிற்றுத் தழும்பை எனக்கு முன்னால் பார்த்தவர்.

"ஈரல் பிழைச்சுக்குமா டாக்டர்?"

"மருந்துக்கு எப்படிக் கேட்குதுன்னு பார்க்கலாம்."

"கேட்கும்னு நினைக்கிறீங்களா?"

"பெரும்பாலும் கேட்கும்."

"பெரும்பாலும்னா? எங்க ஸ்கூல்லயும் பெரும்பாலும் யாரும் லாரி மேல மோத மாட்டாங்க."

"இப்போதைக்கு அவ்ளோதான் சொல்ல முடியும். இந்தத் தடவை கேட்டாலும், திரும்பத் திரும்ப இப்படி ஆனா ஈரல்ல தழும்பு விழுந்துக்கிட்டே போகும். அடுத்த வருஷம் அவ பெரியவங்க பிரிவுக்குப் போயிடுவா. அங்க உங்களை உள்ளயே விட மாட்டாங்க. அவதான் பேசணும், அவதான் போட்டுக்கணும்."

என்னை உள்ளே விடமாட்டார்களாம். உறுப்பு என்னுடையது. இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்து, கொஞ்சம் இலகுவாக மாற்றிச் சொன்னேன்: "கெட்டுப் போனாத்தான் என்ன டாக்டர், என்கிட்ட இன்னும் ஸ்டாக் இருக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். "உங்ககிட்ட இருந்து மறுபடி எடுக்க முடியாது. ஒருத்தர் ஒரு தடவைதான் குடுக்கலாம்."

அந்தப் பதில் எனக்கு முன்பே தெரியும். அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்துப் போட்ட அன்றே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் இத்தனை வருடமாக என் மனதின் ஒரு மூலையில், அவசரத்துக்கு நான் இருக்கிறேன் என்று ஒரு முட்டாள்தனமான தைரியம் உட்கார்ந்திருந்தது. அது அங்கேயே எழுந்து வெளியே போனது.

மகளின் அறையில் வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியில் தயார் செய்து வைத்திருந்த கிண்டல் எதுவும் வாய்க்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மாவ திட்டிட்டீங்களா?" என்றாள்.

"வரிசைல இருக்கா. முதல்ல நீ."

"திட்டுங்க."

"எப்பலேர்ந்துடா?"

"ஸ்கூல் டூர் போனோமே, அப்பலேர்ந்து. மாத்திரை டப்பாவ பஸ்லயே விட்டுட்டேன். வேணும்னு இல்லப்பா, நிஜமாவே மறந்துட்டேன். பயந்து செத்தேன். மஞ்சளாயிடுச்சான்னு கண்ணாடில கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் ஆகல. திரும்பி வர்ற வரைக்கும் ஒண்ணுமே ஆகல. அப்புறம் பார்த்தா, கை நின்னு போச்சு."

"எந்தக் கை?"

"ஆடுற கை."

இந்த மாத்திரை சிலருக்கு விரல்களை லேசாக நடுங்க வைக்கும். எனக்குத் தெரியும். அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

"டூர்ல என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் நான்தான் கண் மை போட்டுவிட்டேன். நேர் கோடு. ஒரே இழுப்புல. அதுக்கு முன்னாடி என்னை யாரும் கிட்டயே விட மாட்டாங்க, கண்ணைக் குத்திருவேன்னு." "ஒரு தடவை அவங்கல்லாம் நம்ம வீட்டுக்கு வந்தாங்க. நான் டீ எடுத்துட்டு வந்தேன். கப்பும் சாஸரும் கடகடன்னு ஆடுச்சு. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"'கை வைப்ரேட் ஆகுது பாரு, யாரோ போன் பண்றாங்க, எடும்மா'ன்னீங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"நீயும் சிரிச்சிருப்பியே."

"நானும்தான் சிரிச்சேன்."

"அப்ப என்னாலதானா?"

"எல்லாத்தையும் உங்களாலன்னே எடுத்துக்காதீங்கப்பா. நீங்க சொல்றதுக்கு முன்னாடியும் ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு."

அந்தக் கருணையும் எனக்குக் கோபத்தையே கொடுத்தது. "கை ஆடுதுன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வேற ஏதாவது மாத்திக் குடுத்திருப்பாங்க. என்கிட்ட சொல்லியிருக்கலாம். தினமும் கேட்டேனே. தினமும் என் முகத்தப் பார்த்து, போட்டாச்சுப்பான்னு சொன்னியே. எப்படி முடிஞ்சுது உன்னால?"

அவள் ஊசி குத்தியிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முதல் நாள் கஷ்டமா இருந்துச்சு. நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு நினைச்சேன். நீங்க டக்குனு நம்பிட்டீங்க. மறுநாளும் நம்பினீங்க. ஒரு தடவையாவது வாயைத் திற பார்ப்போம்னு சொல்லுவீங்களான்னு பார்த்தேன். அதுல எனக்குத்தான் உங்க மேல கோவம்."

ஏமாந்தவன் நான். கோபம் அவளுக்கு. அதற்குள் சிஸ்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். மகள் வாயில் போட்டு விழுங்கினாள். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினாள். கன்னத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மெதுவா வேலை செய்யற வகை ஒண்ணு இருக்கு, கை நடுக்கம் கொஞ்சம் குறையலாம்னு டாக்டர் சொன்னாங்க. இது சரியானதும் மாத்தலாம். இனிமே ஒழுங்கா போடுவ இல்ல, பாப்பா?"

"கண்டிப்பா சிஸ்டர்" என்றாள் மகள்.

தெளிவான, பணிவான, இனிமையான குரல். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை நாளும் காலையிலும் மாலையிலும் என் காதில் விழுந்த குரல் அதுதான். சிஸ்டர் திருப்தியாகக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர்கிட்ட சொன்னது இருக்கட்டும். திட்ட மாட்டேன், அழ மாட்டேன், முக்கியமா ஜோக் அடிக்க மாட்டேன். வீட்டுக்குப் போனப்புறம், நானும் அம்மாவும் பக்கத்துல இல்லாதப்ப, மாத்திரை போடுவியா?"

'கண்டிப்பா' என்பது அவளுக்கு உதடு வரைக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதை விழுங்குவதைப் பார்த்தேன். பிறகு, நான் வந்ததிலிருந்து முதல் முறையாக, நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"தெரியலப்பா" என்றாள். "இன்னைக்குப் போட்டுட்டேன். நாளைக்கும் போடுவேன், ஏன்னா இப்ப பயமா இருக்கு. பயம் போனதுக்கப்புறம் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."